இரும்பும் பாடும்

தகரத்தைத் தட்டுகிறார்கள், டிரில்லிங் மெஷின் ஓட்டுகிறார்கள். கேட்டால் ‘இண்டஸ்ட்ரியல் மியூசிக்’ என்கிறான் என் மகன். இதுவும் இசையா? (வாசகர், சிம்மக்கல்)

பெர்லினில் ஒரு குழு 1980-லிருந்து இதையே செய்கிறது. டிக்கெட் வாங்கிக் கேட்கிறார்கள். நமக்கு ராத்திரி கொத்து பரோட்டாக் கடையில் சால்னாவோடு இலவசம்.

மதுரையில் எடுபடுமா? (வாசகி, திருநகர்)

மீனாட்சி கோயிலில் கல்தூணையே பாட வைத்த ஊர். இரும்பு என்ன பாவம் செய்தது?

மில் சங்குச் சத்தத்தை ரசித்தவர் யாராவது உண்டா? (ஓய்வுபெற்ற தொழிலாளி, ஆரப்பாளையம்)

உண்டு. 1922-ல் பாகு நகரில் அவ்ராமோவ் என்பவர் ஆலைச் சங்கு, கப்பல் ஊதல், பீரங்கி எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சிம்பொனியே நடத்தினார். நீங்கள் அதே சங்கைக் கேட்டு ஷிப்டுக்கு ஓடியிருப்பீர்கள். ரசிக்க நேரம் ஏது?

எலெக்ட்ரானிக் இசை மேல்நாட்டுச் சரக்குதானே? (மாணவர், மேலூர்)

மும்பையின் சரண்ஜித் சிங் 1982-லேயே பத்து ராகங்களை ரோலண்ட் சிந்தசைசரில் ஏற்றி ஒரு ரெக்கார்டு போட்டார். சிகாகோவில் ‘ஆசிட் ஹவுஸ்’ பிறந்தது அதற்குப் பிறகுதான். இங்கே சீந்துவாரில்லை, 2010-ல் வெளிநாட்டுக் கம்பெனி மறுபதிப்பு போட்டதும் ‘நம்மவர்’ ஆகிவிட்டார்! பண்ணைப்புரத்துக்காரரும் 1986-ல் ‘புன்னகை மன்ன’னில் கம்ப்யூட்டரைத் தொட்டுவிட்டார்.

விசைத்தறிச் சத்தத்தைப் பதிவு செய்து ஆல்பம் போடப்போகிறானாம் பேரன். உருப்படுவானா? (வாசகர், செல்லூர்)

1948-ல் பாரிஸில் பியர் ஷாஃபர் ரயில் சத்தத்தை வைத்தே இசை செய்தார், உருப்பட்டார். ஆனால் 85 டெசிபலுக்கு மேல் தினம் எட்டு மணி நேரம் கேட்டால் காது கெடும். பேரனுக்கு ஹெட்போன் இருக்கிறது. தறி ஓட்டுகிறவருக்கு?