சுமைக்கூலி முக்கால் பணம்

அமெரிக்காவில் ஒரு காலத்தில் ரஷ்ய மொசின்-நாகான் ரைபிள் நூறு டாலருக்குள் கிடைத்தது. 1891இல் பிறந்த வடிவம். கோடிக்கணக்கில் செய்து தள்ளினார்கள். இன்று அதே இரும்புக்குப் பல நூறு டாலர். பழசாக ஆக மதிப்புக் கூடும் பாக்கியம் வாங்குகிறவருக்கு இல்லை, பாவம்.

வாங்கும்போது முதலில் பார்ப்பது எண் பொருத்தம். குழல், போல்ட், கட்டையின் அடித்தகடு எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்க வேண்டுமாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் பட்டறைகளில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண் பொறித்ததும் உண்டு. ஜாதகத்தைத் திருத்திய தரகர் அரசாங்கமே!

அடுத்து, குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பழைய தோட்டாவின் உப்பு ஈரத்தை இழுத்து, கழுவாத குழலை அரித்திருக்கும். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசி, கட்டையில் ஊறிய காஸ்மோலின் கிரீஸோ வெயில் பட்டதும் வியர்க்கும். வீட்டுக்காரம்மாவின் ஹேர்டிரையரும் பழைய துண்டுகளும் அதற்கே காணிக்கை. போல்ட் அசையாவிட்டால் ரப்பர் சுத்தியல்.

“ஸ்டாலின்கிராடில் சுட்டது சார்” என்பார் விற்பவர். அப்படிச் சொல்லப்படும் ரைபிள் அத்தனையும் அங்கே இருந்திருந்தால், சிப்பாய்களுக்கு நிற்க இடம் இருந்திருக்காது.