சங்கற்ப சிகாமணி

காரைக்காலில் நடைப்பயிற்சியைப் பற்றி எழுதுவதற்குச் சற்றுத் துணிச்சல் வேண்டும். கயிலைமலையைக் காலால் மிதிப்பது அபசாரமென்று அஞ்சித் தலையாலேயே நடந்து ஏறிய புனிதவதி அம்மையார் அவதரித்த ஊர் இது. அதே ஊரில் பிறந்து, முப்பத்தைந்து வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்து, சர்க்கரை வியாதியும் இரத்த அழுத்தமும் சமபாகமாய்க் கலந்த சரீரத்தோடு ஓய்வுபெற்றுத் திண்ணையில் எழுந்தருளியிருக்கும் நமது சங்கற்ப சிகாமணி, நாளை காலை முதல் கடற்கரை வரை காலால் நடப்பதென்று தீர்மானம் செய்துகொண்டு இது பதினோராவது வருஷம். இவரை ஒரு தனி மனிதரென்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. இவர் ஓர் இனம். எங்கள் தெருவில் மட்டும் மூவர் இருக்கிறார்கள்; நான்காமவர் யாரென்று கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடக்கும் என் நடைச் செருப்புகளைக் கேட்டால் தெரியும்.

சிகாமணியைச் சோம்பேறி என்று சொல்பவன் அவரை அறியாதவன். திங்கட்கிழமை தோறும் அவர் செய்யும் உழைப்பைக் கண்டால் அப்படிச் சொல்ல நாக்கு எழாது. அன்று காலை ஸ்நானம் முடித்து, நெற்றியில் நீறு துலங்க, நாற்பது பக்க நோட்டைப் பிரித்து, அடிக்கோல் வைத்துச் சிவப்பு மையால் கட்டங்கள் வரைந்து, மேலே கிழமைகளும் பக்கவாட்டில் நியமங்களுமாக அவர் எழுதி முடிக்கும்போது மணி பதினொன்றாகிவிடும். அதற்குப் பிறகு வெயில் ஏறிவிடுவதால் நடப்பதற்கில்லை.

ஆதியில் அவர் இலக்கு பத்தாயிரம் அடி. அந்தப் பத்தாயிரம் ஏதோ வைத்திய சாஸ்திரத்தின் ஆழத்திலிருந்து பிறந்த எண்ணென்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன். 1965-ஆம் ஆண்டில் ஜப்பானியக் கம்பெனியொன்று இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடிமானி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்குப் ‘பத்தாயிர அடி மானி’ என்று பொருள்படும் மன்போ-கெய் என்ற பெயரைச் சூட்டியது; அந்த வியாபாரப் பெயரிலிருந்து உலகெங்கும் பரவியதே இந்த எண் என்று தெரிந்த அன்று, சிகாமணியின் முகத்தில் ஏறிய பிரகாசம் தீபாவளியன்றும் ஏறியதில்லை. “பாத்தீங்களா சார், எல்லாம் கடைக்காரன் வேலை!” என்று நோட்டில் அந்த வரியை அடித்தார்.

வைத்தியர் நல்லவர். “பெருசா ஒண்ணும் வேணாம் சார், சின்னதா ஆரம்பிங்க. தினம் பத்து நிமிஷம் போதும். அது படிஞ்சப்பறம் அடுத்ததைப் பாக்கலாம்” என்றார். இந்த உபதேசத்தில் சிகாமணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது ‘சின்னதா’ என்ற ஒரு சொல்லை. பத்து நிமிஷம் ஐந்தாயிற்று. ஐந்து, வாசலுக்கும் கொல்லைக்குமாக நாலு தடவையாயிற்று. கடைசியில், தொலைக்காட்சியில் விளம்பரம் வரும்போது எழுந்து நிற்பது என்ற சூக்ஷ்ம நிலையை அடைந்தது. விளம்பரமே இல்லாத அலைவரிசை ஒன்றை அவர் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

விடியற்காலைப் பாங்கு ஒலித்ததும் எழுவதென்று ஒரு நியமம் உண்டு. பாங்கு ஒலிக்கிறது, எதிர்வீட்டு மரைக்காயர் எழுந்து பள்ளிவாசலுக்கு நடக்கிறார், செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து மறைகிறது. சிகாமணி அதைக் கேட்டுக்கொண்டே மறுபக்கம் திரும்பிப் படுக்கிறார். மரைக்காயரிடம் நோட்டுப் புத்தகம் எதுவும் கிடையாது.

சாஸ்திர ஞானத்தில் சிகாமணியை வெல்ல முடியாது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பில்லிப்பா லாலி என்ற அம்மையாரும் சகாக்களும் 96 பேரை வைத்து நடத்தி 2010-இல் அச்சேற்றிய ஆராய்ச்சி அவருக்கு மனப்பாடம்: ஒரு புதுப்பழக்கம் யோசனையின்றித் தானே நிகழ்வதற்கு ஏறத்தாழ 66 நாள் பிடிக்கிறது, ஆனால் ஆளையும் காரியத்தையும் பொறுத்து அது 18 முதல் 254 நாள் வரை விரிகிறது, தினமும் தவறாமல் நடக்கும் பழைய காரியம் ஒன்றின் வாலில் புதியதை முடிச்சுப் போட்டுவந்தால் படியும், நடுவில் ஒரு நாள் தவறினால் குடிமுழுகிவிடாது. “வெள்ளைக்காரனுக்கு அறுபத்தாறு, நமக்கு ஒரு மண்டலம், நாப்பத்தெட்டே நாள்! பதினெட்டு நாள் மிச்சம் சார்!” என்று அவர் லாபக்கணக்குப் பார்த்தார். முடிச்சுப் போடும் தத்துவத்தையும் அவர் விட்டுவிடவில்லை. சாயங்காலக் காப்பியின் வாலில் நடையை முடிந்தார். அரசலாற்றங்கரையோடு கடலை நோக்கிப் போகும் அந்த அழகிய சாலையில், உப்பங்காற்று மேலே படத் தொடர்ந்து மூன்று நாள் நடந்தும் காட்டினார். நடையின் வாலில் கடற்கரை வாழைக்காய் பஜ்ஜி தானாகவே வந்து முடிந்துகொண்டது. அந்த முடிச்சு மட்டும் அறுபத்தாறு நாளெல்லாம் கேட்கவில்லை. நாலாம் நாள் நடை நின்றது. பஜ்ஜியை வாங்கிவரப் பேரன் அனுப்பப்பட்டான். ஒரு நாள் தவறினால் குடிமுழுகாது என்ற வாக்கியத்தின் பேரில் அவர் தினமும் அந்த ஒரு நாளையே தவறிக்கொண்டிருக்கிறார்.

உப்பு விஷயத்திலும் அவருடைய நியாயம் தனி. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கு மேல் உப்பு கூடாதென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்வதை முன்னிட்டு, ஊறுகாய் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டுமே என்று வரம்பு கட்டினார். எலுமிச்சைக்கு இரண்டு நாள், மாங்காய்க்கு இரண்டு நாள், நார்த்தங்காய்க்கு இரண்டு நாள்; ஏழாம் நாள் ஊறுகாய்க்கு முழு விரதம், ஆகவே கருவாடு. இனிப்பைத் துறந்த வைராக்கியமோ ஆனிப் பௌர்ணமி வரை நீடித்தது. மாங்கனித் திருவிழாவில் பிட்சாடனர் வீதியுலா வர, வீட்டு மாடிகளிலிருந்து ஜனங்கள் மாம்பழங்களை வாரி இறைக்க, பிரசாதமாய் வந்து விழும் கனியை மறுப்பது மகாபாவமல்லவா? அவர் மடியில் நாலு விழுந்தன. விழும் இடத்தைப் பார்த்து மடியை விரித்துப் பாய்ந்த அந்த வேகத்தை வைத்தியர் பார்த்திருந்தால் மாத்திரையில் பாதியைக் குறைத்திருப்பார்.

நடையைப் பற்றிப் பேசுவதானால் பொழுது போவதே தெரியாது அவருக்கு. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்கப் போன கதையை நின்ற நிலையிலேயே ஒரு மணி நேரம் சொல்லுவார். “நூத்தைம்பது மைலு சார், பதினைஞ்சு நாளு! தினம் பத்து மைலுதான். சின்னச் சின்னதா வெச்சுக்கிட்டா எதையும் சாதிக்கலாம். அவருக்கு அப்ப அம்பத்தோரு வயசு!” என்பார். அப்படியானால் தாங்கள்? “நம்ம ஊரு அப்ப பிரெஞ்சுக்காரன்கிட்ட இல்ல இருந்துச்சு? உப்பு சத்தியாக்கிரகமெல்லாம் இங்க ஏது? அதான் நமக்கு நடை பழகல” என்று பழியைப் பாரிசுக்கு அனுப்பிவிடுவார். 1954 நவம்பர் முதல் தேதியே பிரெஞ்சு நிர்வாகம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டதே என்று கேட்டால், மத்தியானத் தூக்கத்துக்கு நேரமாயிற்றென்று உள்ளே போவார். அந்தத் தூக்கமும் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொத்தே என்பது அவருடைய சித்தாந்தம்.

இந்நிலையில் அவருக்கு ஏழரைச் சனி பிடித்தது. திருநள்ளாறு கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க ஐந்து கிலோமீட்டர். சனிக்கிழமைதோறும் பேருந்தில் போய் நளதீர்த்தத்தில் முழுகிவிட்டு வந்தார். அதோடு நிற்காமல், தினமும் காகத்துக்கு ஒரு பிடி எள்ளுச்சாதம் வைத்த பிறகே வாயில் அன்னம் வைக்க வேண்டுமென்று சோதிடர் கட்டளையிட்டார். முற்றத்தில் வைத்தால் பூனை தின்கிறது. ஆகவே மொட்டைமாடி. படிகள் இருபத்து மூன்று. காலையில் ஒரு தடவை, பகலுணவுக்கு முன் ஒரு தடவை. காகம் வந்ததா என்று பார்க்க மறுபடி ஒரு தடவை. இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் தவறவில்லை. மழையிலும் குடையோடு ஏறினார். சோதிடர் இதைச் சின்ன இலக்கு என்றும் சொல்லவில்லை, பெரிய இலக்கு என்றும் சொல்லவில்லை. சனி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் சொன்னார்.

போன வாரம் போயிருந்தேன். நோட்டு திண்ணையில் திறந்து கிடந்தது. ‘மாடிப்படி ஏறுதல்: வாரம் மூன்று முறை’ என்று எழுதி, அதற்கெதிரே ஏழு கட்டங்களிலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருந்தார்.

“என்ன சார், இந்த வாரமும் ஏறலியா?” என்றேன்.

“எங்க சார்! முழங்காலு விடமாட்டேங்குது. அடுத்த வாரத்துலேர்ந்து ஒரே ஒரு தடவைன்னு குறைச்சுக்கலாம்னு இருக்கேன்” என்றார் பெருமூச்செறிந்து.

“ஏங்க, காக்கா கத்துது!” என்று உள்ளேயிருந்து வீட்டம்மாள் குரல் கொடுத்தாள்.

“கொஞ்சம் இருங்க சார், வந்துடறேன்” என்று சாதக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, வேட்டியைத் தூக்கிச் செருகி, விறுவிறுவென்று படியேறினார்.