எஸ்கலேஷன் எந்தத் திணை?

பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கிலும் அன்றாடம் நடக்கும் கிளையன்ட் சர்வீசஸ் மேனேஜர் இன்டர்வியூ ஓர் இலக்கிய வகை. இதை எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் இந்நேரம் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கம் நடந்திருக்கும். கொழும்பிலிருந்து ஒருவர் ஜூமில் தலைகாட்டியிருப்பார். அதனால் அது பன்னாடு. ஐ.எஸ்.பி.என். எண்ணோடு கட்டுரைத் தொகுப்பும் வந்திருக்கும். அவரவர் தம் கட்டுரையை மட்டும் எடுத்துப் பார்த்து, பெயரில் ஒற்றுப்பிழை இருக்கிறதென்று வருந்தியிருப்பார்கள். அக்குறை நீக்கவே இவ்வாய்வு.

இன்டர்வியூவின் உறுப்புகளுள் பாயிரம் என்பது, ரெஸ்யூமேயில் உள்ளதை அந்த ரெஸ்யூமேயைக் கையில் வைத்திருப்பவரிடமே ஒப்பித்தல். பலவீனம் கூறல்: "நான் ரொம்ப பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் சார்." இதற்கு உரை வேண்டா. சம்பளம் பேசுதல் பெருந்திணை. "சொல்லி அனுப்புறோம்" என்ற ஹெச்.ஆருக்கு வாரந்தோறும் மெயில் போடுதல் கைக்கிளை. இவற்றில் அறிஞரிடையே சண்டை இல்லை. ஆகவே ஆய்வுக்கும் வேலை இல்லை.

சண்டையெல்லாம் எஸ்கலேஷன் கதையில்தான். "கோபமா இருந்த ஒரு கிளையன்ட்டை எப்படி ஹேண்டில் பண்ணீங்க?" என்று பேனல் கேட்கும். விடை வருமாறு:

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் சார். பேக்கை மாட்டிட்டேன். லீடிங் யு.எஸ். ரீடெயில் கிளையன்ட். டேட்டா ஃபைல் போகலை. கால்ல வந்து கத்துறாரு. முழுசாக் கத்த விட்டேன் சார், நடுவுல பேசவே இல்லை. அப்புறம் டீமைக் கூப்பிட்டு உட்கார வெச்சேன். சனி, ஞாயிறு வீட்டுக்கே போகலை. மண்டே, தப்பு எங்கேன்னு ஆர்.சி.ஏ. அனுப்பினோம். அவரே எங்க வி.பி.க்கு அப்ரிசியேஷன் மெயில் போட்டாரு."

சூழல், பணி, செயல், விளைவு என்னும் ஸ்டார் சூத்திரம் இம்மியும் வழுவாத கதை. பேனலில், லேப்டாப்புக்குப் பின்னால் தலை மட்டும் தெரிய மெயில் அடித்துக்கொண்டிருக்கும் டெலிவரி ஹெட்டும் இதே கதையைச் சொல்லித்தான் உள்ளே வந்தவர். அவர் பாடத்தில் 'ரீடெயில்' என்னுமிடத்தில் 'பேங்கிங்' என்றிருக்கும். வேறு பாடபேதம் இல்லை. ஆதலால் கதை பொய் என்பது அவருக்குத் தெரியும். மரபு பிறழாமல் சொல்கிறானா என்பதற்கே மார்க்.

இக்கதை புறம் என்பார் ஒரு சாரார். அக்கவுன்ட் என்பது ஆநிரை. போட்டிக் கம்பெனி ஓட்டிச் செல்லவிருந்ததை மீட்டதால் இது கரந்தை. புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித்திணை ஆக்கிற்று. தொல்காப்பியரோ அதை வெட்சிக்குள்ளேயே அடக்கினார். தொல்காப்பியர் வழி நின்றால் நிரையைக் கவர்ந்தவனும் மீட்டவனும் ஒரே திணையினர் ஆகிவிடுகிறார்களே என்று கலங்கத் தேவையில்லை. அந்த ஃபைலை அனுப்ப மறந்தவர் இக்கதையைச் சொல்பவரே.

அகம் என்பார் கட்சி இதனினும் வலிது. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியர் விதி. கம்பெனி வக்கீல் என்.டி.ஏ. என்னும் ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் எழுதியதும் அதே விதி. 'லீடிங் யு.எஸ். ரீடெயில் கிளையன்ட்' என்பதற்கும் 'மலைநாடன்' என்பதற்கும் என்ன வேறுபாடு? கிளையன்ட் தலைவன்; டெலிவரி டீம் தலைவி; இருவருக்கும் நடுவே நின்று, இல்லாததைச் சொல்லியும் இருப்பதை மறைத்தும், இருபுறமும் ஏச்சு வாங்கும் கிளையன்ட் சர்வீசஸ் மேனேஜர் தோழி. 'பைலட், பைலட்' என்று காலத்தை ஓட்டாமல் மூன்று வருட கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடுமாறு நயமாக நெருக்குகிறாரே, அது வரைவு கடாதல்.

அகமேல், எந்தத் திணை? இங்கேதான் இவ்வாய்வாளர் தம் பங்களிப்பைச் செய்கிறார். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் சென்னையின் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. இரண்டும் மாலைப்பொழுதே. ஆகவே கிழக்குக்கரைக் கிளையன்ட் சிறுபொழுதால் ஆண்டு முழுவதும் முல்லை. சிக்கல் கலிஃபோர்னியாவில். அங்கே காலை 9 மணிக்கு ஒருவர் கத்தத் தொடங்கினால், புரட்டாசியில் இங்கே இரவு 9.30. சிறுபொழுதை ஆறாகப் பகுப்போர் கணக்கில் 10 மணிவரை மாலை. ஐந்து என்போர் இக்கட்டுரையை இத்துடன் நிறுத்திக்கொண்டு தமக்குள் அடித்துக்கொள்ளலாம். புரட்டாசி கார்காலம். காரும் மாலையும் முல்லை. வீட்டில் ஒருவர் தோசைமாவை வெளியே எடுத்து வைத்துக் காத்திருத்தலால் உரிப்பொருளும் பொருந்தியது.

நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்கர் கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னே தள்ளுகிறார்கள். அதே கிளையன்ட், அதே ஃபைல், அதே கத்தல். ஆனால் இங்கே இப்போது இரவு 10.30. யாமம்! மாதம் ஐப்பசி, கூதிர்! கூதிரும் யாமமும் குறிஞ்சியன்றோ? புரட்டாசியில் முல்லையாயிருந்த எஸ்கலேஷன் குறிஞ்சியாகிவிட்டது. குறிஞ்சிக்குரிய புணர்தல் என்பது இரு டீமும் ஒரே காலில் கூடுதல் என்பது கேண்டீன் உரை. அதை ஹெச்.ஆர். காதுபட விளக்க வேண்டாம் என்பது லிஃப்ட் உரை. சோழிங்கநல்லூர் சிக்னலருகே பஜ்ஜி மடித்துத் தந்த தாளில் கிடைத்த பழஞ்சுவடி மூன்றாம் விளக்கம் ஒன்று தருகிறது. எண்ணெய் இறங்கி அவ்விடம் மட்டும் சிதைந்திருப்பதால், அதுவே மூன்றனுள் மிகப் பழையது என்று துணியலாம்.

வெள்ளிக்கிழமை ஏன் என்ற வினாவும் உண்டு. செவ்வாய்க்கிழமை போகாத ஃபைல் புதன்கிழமை போய்விடும். தியாகத்துக்குச் சனி, ஞாயிறு கிடைக்காது என்பது கேண்டீன் உரை. எளிதில் விளங்குவதால் ஆய்வாளர் இதை ஏற்பதில்லை.

எளிதில் விளங்காத உரைக்கு முன்னோடி உண்டு. முல்லைப்பாட்டில் ஓரிடத்துச் சொல்லைப் பிடுங்கிப் பல அடி தள்ளி நட்டுப் பொருள் கண்டவர் நச்சினார்க்கினியர். மறைமலையடிகள் அதைப் பொறுக்காமல் தாமே தனியுரை எழுதினார். நச்சினார்க்கினியர் இன்றிருந்து ரெஸ்யூமே திருத்திக் கொடுத்தால், நடுவே ஓராண்டு வேலையில்லாமல் இருந்தது எந்த ஹெச்.ஆர். கண்ணிலும் படாது. இவ்வகையில் மறைமலையடிகளின் நேர்மை வேலைதேடுவோர்க்குப் பெருங்கேடு.

கடைசியாக, "எங்ககிட்ட ஏதாவது கேட்கணுமா?" என்பார் பேனலார். கம்பெனியின் தொலைநோக்கு பற்றிக் கேட்பதே மரபு. அண்மையில் ஒரு பெண் மட்டும் மரபை மீறி, "பதினொன்றரைக்குக் கால் முடிஞ்சா கேப் உண்டா சார்?" என்று கேட்டுவிட்டார். மீறலன்று. இரவுக்குறியில் வழியின் ஏதம் அஞ்சுதல், குறிஞ்சியின் பழந்துறை. டெலிவரி ஹெட் முதன்முறையாக லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி ஹெச்.ஆரைப் பார்த்தார்.

"அது அட்மின் பார்க்குறாங்க" என்றார் ஹெச்.ஆர்.