அங்கணத்தை மூடினோம்

சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டு அடுக்களையை 2021-ல் மாற்றிக் கட்டினோம். மேடைக்கல்லும் கீழ் அலமாரிக் கதவும் நிறத்தில் ஒத்துப்போக வேண்டும் என்று நானும் என் மருமகளும் மூன்று நாள் கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியில், ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியில் வெட்டி எடுக்கிற ‘பிளாக் கேலக்ஸி’ கல் மனசுக்குப் பிடித்தது. கருப்பில் பொன்பொடி தூவினாற்போல மினுங்கும். அந்தப் பொன்னுக்குத் தோதாகத் தந்த நிற மைக்கா ஒட்டிய கதவுகள் என்று முடிவாயிற்று.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “ஏளா, கல்லுக்கும் கதவுக்கும் பொருத்தம் பாத்தாச்சு. அங்கணத்த என்ன செய்யப்போற?”

“மூடிருவோம்மா. சிங்க்தான் வருதுல்லா.”

அவள் அதற்குமேல் பேசவில்லை.

ஆச்சி இருந்தவரை எங்கள் அடுக்களையில் மேடையே கிடையாது. தரைதான் மேடை. மண்ணடுப்பும் அதன் பக்கத்தில் கொடியடுப்பும். பெரிய அடுப்பில் சோறு கொதிக்கும்போதே கொடியடுப்புச் சூட்டில் குழம்பு வற்றும். சுவரில் மாடக்குழி, மேலே பரண், நடுவில் தொங்கும் உறி, கைக்கெட்டும் தூரத்தில் அஞ்சறைப்பெட்டி. தரையில் இருந்ததெல்லாம் அம்மி, ஆட்டுரல், காருகுறிச்சி மண்பானை, கல்சட்டி. தண்ணீர் பட்டால் கெடுகிற பொருள் எதுவுமே கீழே இல்லை என்பதை இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். மூலையில் அங்கணம். பாத்திரம் கழுவ, அரிசி களைய, கை அலம்ப எல்லாம் அங்கேதான். ஆச்சி ஒரு செம்புத் தண்ணீரை நிலைப்படி ஓரம் ஊற்றினால், கொஞ்சம் தயங்கி, பிறகு தானாக வழி கண்டுபிடித்து அங்கணத்துக்குப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவைக் கட்டின கொத்தனார் யாரோ, அவர் கை வாழ்க.

அம்மா காலத்தில் கேஸ் அடுப்பு வந்தது. கூடவே கடப்பாக் கல் மேடையும் வந்தது. கடப்பா சுண்ணாம்புக் கல் வகை, புளிப்பு ஆகாது. எங்கள் பக்கம் புளி இல்லாமல் ஒரு நாள் சமையல் உண்டா? புளிமிளகாய் வைத்த கிண்ணத்தின் அடி வட்டம் வெள்ளையாக அரித்து, இரண்டே வருடத்தில் மேடை முழுக்க நிலா நிலாவாக இருந்தது. அந்த வட்டங்களை மறைக்கத்தான் நாங்கள் கிரானைட்டுக்குப் போனோம் என்றே சொல்லலாம். கிரானைட்டைப் புளி ஒன்றும் செய்வதில்லை. இப்போது எல்லாரும் கேட்கிற குவார்ட்ஸ் பலகையும் புளிக்கு அஞ்சாது. ஆனால் கல்பொடியைப் பிசினில் இறுக்கிச் செய்வது அது. கொதிக்கிற வாணலியை இறக்கி வைத்தால் பிசின் கருகித் தழும்பு விழும்.

2023 டிசம்பர் 17-ம் தேதி பிடித்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மலையிலும் விடாத மழை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேர, தாமிரபரணி கரையை மறந்து ஓடினாள். குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கியது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் தண்ணீர். எங்கள் தெருவுக்கு வராமல் இருக்குமா? முழங்காலுக்கு மேல் வந்தது.

தெருவில் வடிந்த பிறகும் எங்கள் அடுக்களையில் மட்டும் வடியவில்லை. டைல் மட்டமாக இருந்தது, அங்கணத் தூம்பை சிமெண்ட் வைத்து அடைத்திருந்தோம். ஒரு பகல் முழுக்க வாளியால் மொண்டு மொண்டு முற்றத்தில் ஊற்றினோம். அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஒரு வாரத்தில் அலமாரிகள் ஈரம்பட்ட அப்பளம் மாதிரி ஊதின. பிரித்துப் பார்த்தால் உள்ளே மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை. ‘வாட்டர் புரூப்’ என்று சொல்லித் தந்தது. பிளைவுட்டில் குத்தியிருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும் என்றே எனக்கு அன்றுவரை தெரியாது. 303 என்றால் பொது உபயோகத்துக்கானது. 710 என்றால் தண்ணீரில் கொதிக்கவைத்துச் சோதிக்கிற மெரைன் வகை. எங்களுடையதில் இரண்டும் இல்லை, அது பிளைவுட்டே இல்லை. பெட்டிகள் உட்கார்ந்ததும் மேலே இருந்த கல்லும் தாழ்ந்து, சிங்குக்காக வெட்டிய மூலையில் விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியது. கல்லிலேயே பலமில்லாத இடம் அந்த வெட்டு மூலைதான்.

பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஆசாரி குனிந்து பார்த்தார். “கல்லுக்கும் கதவுக்கும் பொருத்தம் சரியாத்தான் இருக்கு தாயி. கல்லுக்கும் காலுக்கும்தான் இல்ல.”

“இப்ப என்ன செய்யலாம் அண்ணாச்சி?”

“கீழ கடப்பாவ நிறுத்துவோம். மேல உங்க கிரானைட்டு. முன்னால வெறும் கதவு மட்டும். வெள்ளம்னா திருகாணியக் கழத்தி மச்சில போட்டுறலாம்.”

அப்படியே செய்தோம். அம்மாவின் பழைய மேடைக்கல் பின்கட்டில் சாத்திக் கிடந்தது. அதை அறுத்தே குறுக்குத் தடுப்புகள் ஆயின. புளி வட்டங்கள் இப்போது அலமாரிக்குள் நிற்கின்றன. முதல் தட்டைத் தரையிலிருந்து ஒன்பது அங்குலம் தூக்கினார். டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்து, தடுப்புகள் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகுதான் கல்லுக்கு அளவெடுக்கவே விட்டார். பழைய சுவர், மூலைமட்டத்துக்கு நிற்காது. பத்தடியில் ஒன்றரை அங்குலம் விலகியிருந்தது. அட்டையைச் சுவரோடு வைத்துக் கோடு கிழித்து வெட்டி, அந்த அட்டையைக் கல்லறுக்கும் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினார். முதல் தடவை டேப்பை மட்டும் நம்பி அறுத்த கல்லுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் மூன்று வருடம் கரப்பான் குடியிருந்தது. இந்தக் கல் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தது. 710 பலகைக் கதவுகள், நான்கு விளிம்பும் அடைத்து. மைக்கா நிறம் தேர்ந்தெடுக்க அரைமணி நேரம் ஆனது.

கடைசி நாள் சிங்குக்கு அடியில் டைலை உடைத்து அங்கணத் தூம்பைத் திறந்தார்கள். சிமெண்டுக்குப் பின்னால் ஆற்று வண்டல் இறுகிக் கிடந்தது. கம்பியால் குத்திக் குத்தி எடுத்தார்கள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு நிலைப்படி ஓரம் ஊற்றினாள்.

தண்ணீர் பரவி, அங்கேயே நின்றது.

அவள் ஆசாரியைப் பார்த்தாள். ஆசாரி தரையைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் கொத்தனாரைக் கூப்பிட்டார்.