நூறு சதவீதத் தீர்ப்பு

நந்தனத்துப் பறவைப் படக்காரர்களிடம் ஒரு மீன்கொத்திப் படத்தைக் காட்டுங்கள். மீன்கொத்தியை யாரும் பார்க்க மாட்டார்கள். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, பின்னணி நிழலில் நாய்ஸ் எனும் புள்ளித் தூசைத் தேடுவார்கள். “ஐஎஸ்ஓ 6400-ஆ சார்? அதான்!”

அடையாற்றங்கரையில் விடியற்காலை வெளிச்சமே கொஞ்சம். நாய்ஸுக்கு வேர் ஐஎஸ்ஓ அல்ல, அந்த வெளிச்சப் பஞ்சம்தான் என்றால், லென்ஸ் விலையைக் கேட்பார்கள்.

மயிலாப்பூர்வாசியான இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல கேமராக்களின் உதிரிகளை ஒட்டுப்போட்ட கருவியோடு, கறுப்பு வெள்ளையிலேயே காட்டைப் படம்பிடித்தார். நல்லவேளை, இவர்களிடம் காட்டவில்லை.

நாய்ஸ் நீக்கும் மென்பொருளோ இறகையும் சேர்த்து வழித்துவிடும். மீன்கொத்தி பிளாஸ்டிக் பொம்மையாகும். “சூப்பர் க்ளீன் சார்!”

பிறகு படம் கைபேசித் திரைக்குச் சுருங்கி வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். அங்கே நாய்ஸும் தெரியாது, லென்ஸ் விலையும் தெரியாது. முதல் கேள்வி ஒரு பெரியம்மாவிடமிருந்து வரும்: “இது என்ன குருவிப்பா?”