கம்பேர் அண்ணன்

திண்டுக்கல் வெங்காயப்பேட்டையில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறார் அவர். சாக்கின் வாயை அவிழ்க்கவே வேண்டாம். தையல் இடுக்கில் இரண்டு விரலை நுழைத்து ஒரு சின்ன வெங்காயத்தை உருட்டிப் பார்ப்பார். "பட்டறை போட்ட சரக்கு, நல்லாக் காஞ்சிருக்கு" என்பார். இல்லையென்றால், "நேத்துப் புடுங்குனது, ஈரம் போகல, எடை விழும்" என்பார். பழசுக்கு ஒரு விலை, புதுசுக்கு ஒரு விலை. பத்து விநாடியில் தீர்ப்பு. கொண்டுவந்த சம்சாரியும் மறுபேச்சுப் பேச மாட்டார், வாங்க வந்த வியாபாரியும் பேச மாட்டார்.

இதே மனிதர், பழைய கேமராவா புதிய கேமராவா என்று ஏழு வருடத்துக்கு மேலாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஊருக்குள் அவருக்குக் கம்பேர் அண்ணன் என்று பெயர். வைத்தது யார் என்று தெரியவில்லை. கேட்டால் அவருக்குக் கோபமும் வருவதில்லை. மணிக்கூண்டுப் பக்கம் சாயங்கால டீக்கு வருவார். சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஒரு நீள நோட்டு. மண்டியில் பற்று வரவு எழுதும் அதே பேரேட்டு நோட்டுதான். இடப்பக்கம் பழைய கேமரா, வலப்பக்கம் புதுக் கேமரா. ஒவ்வொன்றின் குணத்தையும் வரவில் வைப்பார், குறையைப் பற்றில் எழுதுவார். மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்பார். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சரியாக வந்துவிடும். கணக்கு எழுதுகிறவருக்கு இரு பக்கமும் சரியாக வந்தால் சந்தோஷம். கேமரா வாங்குகிறவருக்கு அதுதான் கெடுதல் என்பது அவருக்கு உறைத்ததே இல்லை.

இது தொடங்கியது 2018 பிப்ரவரியில். கேனான் எம்50 வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. அன்றைக்கு அது புதுசு. அதற்கு எதிர்ப்பக்கத்தில் பழசாக உட்கார்ந்திருந்தது 2014-இன் சோனி ஏ6000. ஒரு வருடம் நெருங்க நெருங்க, அண்ணன் ஒருவாறாகப் புதுசின் பக்கம் சாய்ந்தபோது, டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைகிறது, 2019 ஜனவரி 1 முதல் அமல் என்று செய்தி வந்தது. "பத்து நாள் பொறுத்தா பத்து பர்சன்ட் மிச்சம், விடலாமா?" என்றார். விடவில்லை. பத்து நாள் பொறுத்தார். பிறகு பொறுப்பது பழகிவிட்டது. 2020 அக்டோபரில் எம்50 மார்க் 2 வந்தது. 2023 பிப்ரவரியில் ஆர்50 வந்தது. வலப்பக்கம் இருந்த எம்50, தாளைத் திருப்பியதும் இடப்பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு தடவைகூட ஷட்டர் அமுக்காமலேயே ஒரு கேமராவைப் பழசாக்கிய மனிதர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

அவரிடம் கேமராவே கிடையாது என்று சொன்னால் பொய். அப்பா காலத்து யாஷிகா எம்எஃப்-2 ஒன்று பீரோவில் இருக்கிறது. உள்ளே 36 படச் சுருள். 25 எடுத்தாகிவிட்டது, மீதி 11. அந்தப் பதினொன்றுக்குத் தகுதியான காட்சி இன்னும் அமையவில்லை. சுருளைக் கழுவிக் கொடுக்க ஊரில் ஆள் இல்லாமல் போய்க் கனகாலமாகிறது. அண்ணிக்கு இதில் வேறு வருத்தம். "எனக்கு மாலை போட்டுச் சொவத்துல மாட்டுறதுக்காச்சும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்க தம்பி" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். கிரைண்டரைப் பத்து நிமிடத்தில் பார்த்து, பேரம் பேசி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர். கல்யாண விஷயத்தில் மட்டும் அண்ணனுக்குக் கம்பேர் பண்ண வாய்ப்பு வாய்க்கவில்லை. அத்தை மகள், பேரேடு திறக்குமுன் தாலி கட்டிவிட்டார்கள்.

சின்னாளபட்டியில் இருக்கும் என் அக்காவுக்குக் கேமரா தேவைப்பட்டதால்தான் நான் இந்த வலையில் விழுந்தேன். அக்கா சுங்குடிச் சேலையை வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிறாள். போனில் எடுத்தால் அரக்குச் சேலை தக்காளி நிறத்தில் விழுகிறது. பார்சலைப் பிரித்த பெண்கள் "நான் கேட்டது இது இல்லையே" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அக்கா மகனுக்கோ கல்யாண ஆர்டர் எடுக்க வேண்டும் என்று ஆசை. சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. நத்தம் பக்கம் ஒரு ஸ்டுடியோக்காரர் தன் எம்50-ஐக் கொடுத்துவிடப்போவதாகக் கேள்வி. அதை வாங்குவதா, புது ஆர்50-ஐ வாங்குவதா? நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அண்ணனைக் கேட்போம்" என்றேன்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னாளபட்டிக்கே வந்துவிட்டார். நோட்டைத் திண்ணையில் விரித்தார். முதலில் புள்ளிக் கணக்கு.

"படத்தோட அளவுல ரெண்டும் அண்ணன் தம்பிதான். பழசு 24.1, புதுசு 24.2. ஆனா மாப்ள, அந்தப் புள்ளி ஒண்ணைச் சாதாரணமா நெனைக்காத. லட்சம்டா!"

லட்சம் என்றதும் அடுப்படியிலிருந்து அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள். விலையைச் சொல்லவில்லை, மெகாபிக்சலில் பத்தில் ஒரு பங்கைச் சொல்கிறார் என்று விளக்கி அனுப்ப வேண்டியிருந்தது.

அடுத்தது கண். ஆளின் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் வைக்கும் வித்தை எம்50-யிலேயே இருக்கிறது. ஆனால் அது ஒருமுறை பிடித்து நிறுத்தும் முறையில்தான். ஆள் அசையாமல் நிற்க வேண்டும். ஆர்50 அசைகிற ஆளையும் விடாமல் துரத்தும். "கல்யாண மாப்பிள்ளை அசைய மாட்டான், பழசு போதும். காதுகுத்துற புள்ள அசையாம இருக்குமா? அதுக்குப் புதுசு வேணும்" என்றார். ஆர்50 மனிதரோடு நாய், பூனை, பறவையையும் அடையாளம் கண்டு பிடிக்கும் என்றதும் அக்கா மகன், "காளை மாடு பிடிக்குமாண்ணே? ஜல்லிக்கட்டு எடுக்கணும்" என்றான். அண்ணன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். காளை இல்லை. "ஜப்பான்காரன் நம்ம வாடிவாசல் பக்கம் வந்ததில்ல மாப்ள" என்று பற்றில் ஒரு வரி எழுதிக்கொண்டார்.

வீடியோவில் புதுசு தெளிவாக ஜெயித்தது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். எம்50-யில் 4கே போட்டால் காட்சியின் ஓரத்தை இன்னும் வெட்டிவிடும். ஃபோகஸ் பிடிப்பதும் மந்தமாகிவிடும், ஏனென்றால் அதன் நல்ல ஃபோகஸ் முறை 4கே-யில் வேலை செய்யாது. ஆர்50 முழு அகலத்துக்கும் 4கே எடுக்கும். இவ்வளவும் சொல்லி அண்ணன் பேனாவை மூடுவார் என்று பார்த்தால், மூடவில்லை.

"பேட்டரி?" என்றார் தன்னையே பார்த்து. எம்50-க்கு எல்பி-இ12, கம்பெனிக் கணக்கில் ஒரு சார்ஜுக்கு 235 படம். ஆர்50-க்கு எல்பி-இ17. அது 200டி கேமராவுக்கும் சேரும் பேட்டரி. நம் பக்கம் 200டி வைத்திருக்கிற தம்பிமார் தெருவுக்கு ஒருவர் உண்டு; மண்டபத்தில் சார்ஜ் தீர்ந்தால் கைமாற்றாக வாங்கிக்கொள்ளலாம். இதை எந்த விளம்பரமும் சொல்லாது. இந்த ஒரு வரிக்காக அண்ணனுக்கு இன்னொரு டீ வாங்கிக் கொடுக்கலாம்.

பிறகு லென்ஸ் வாய். இந்த இடத்தில் அவர் குரலே மாறிவிட்டது. பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அன்று தெருவில் மிட்டாய் கொடுத்தவர். "எம்50 வாயில இருந்து உள்ள சென்சார் வரைக்கும் 18 மில்லிமீட்டர். ஆர்50-க்கு 20. ரெண்டே ரெண்டு மில்லிமீட்டர்! ஆனா பழைய எம் லென்ஸ் புதுசுல உக்காராது. நடுவுல வளையம் போட்டாலும் நடக்காது. வளையம் போட்டா தூரம் கூடும்ல, குறையாதுல்ல? நம்மூரு மாங்காப் பூட்டு மாதிரிதான், நெம்புகோலு ஒரு நூல் தப்புனா சாவி சுத்தாது." ஆனால் 1987-இல் வந்த இஎஃப் லென்ஸுக்கு 44 மில்லிமீட்டர் தூரம் வேண்டும். அதனால் குழாய் மாதிரி ஒரு வளையத்தை இடையில் வைத்தால் இரண்டிலும் உட்கார்ந்துவிடும். தாத்தா வீட்டுக்குப் பேரன்கள் எல்லாரும் வந்து போவார்கள்; பேரன்களுக்குள் மட்டும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இந்த உவமை அண்ணனுடையது. போதாததற்கு 2012-இல் தொடங்கிய அந்த எம் வம்சத்தை 2023-இல் கம்பெனியே மூடிவிட்டது. "வாரிசில்லாத சொத்துடா மாப்ள. மலிவாக் கெடைக்கும், விக்க முடியாது."

அக்கா மகன் முகம் தெளிந்தது. "அப்ப புதுசுதான்?"

"இரு. பிளாஷ் இருக்கா உங்கிட்ட?"

கூட்டாளி ஒருவனுடைய பழைய பிளாஷ் கிடைக்கும் என்றான். அண்ணன் கண் மின்னியது. ஆர்50-யின் தலையில் பிளாஷ் சொருகும் இடத்தில் பழைய முறை ஊசிகளே கிடையாது. நடுவில் இருக்க வேண்டிய ஒற்றை ஊசிகூட இல்லை. பழைய பிளாஷ் பேச வேண்டுமென்றால் ஏடி-இ1 என்று தனியாக ஓர் இணைப்பான் வேண்டும். எம்50-யில் இந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பின்னால் இன்னொன்றையும் எடுத்துப் போட்டார். பழசோடு கூட வரும் லென்ஸ் 15-45. புதுசோடு வருவது 18-45. "மூணு மில்லிமீட்டர்தானேன்னு நெனைப்ப. சின்ன மண்டபத்துல குரூப் போட்டோ எடுக்கும்போது தெரியும். ஓரத்துல நிக்கிற சொந்தக்காரன் பகையாளி ஆயிருவான்."

மத்தியானம் சாப்பாட்டுக்கு அக்கா இலை போட்டபோது இரு பக்கமும் சரியாக இருந்தது.

இத்தனைக்கும் அன்று அவர் சொன்னதில் அக்காவுக்கு உபயோகமானது ஒன்றே ஒன்று. அதற்குக் கேமராவே தேவைப்படவில்லை. வெற்றிலையை மடித்தபடி சேலைக்கட்டு இருந்த அறையைப் பார்த்தவர், "டியூப்லைட்டை அமத்துங்க தங்கச்சி. ஒரு பக்கம் வெயிலு, ஒரு பக்கம் டியூப்லைட்டு, ரெண்டும் கலந்தா எந்தக் கேமராவும் குழம்பிப்போகும். சேலையை ஜன்னல் பக்கம் விரிச்சு, அந்த ஒரு வெளிச்சத்துலயே எடுங்க" என்றார். அக்கா அப்போதே தன் போனில் எடுத்துப் பார்த்தாள். அரக்கு, அரக்காகவே விழுந்தது. சேலைத் தகராறு அன்றோடு தீர்ந்தது. அண்ணன் அதைக் கவனிக்கவில்லை. அதை எழுத நோட்டில் பத்தி கிடையாது.

இதற்கப்புறம் மூன்று மாதம் போனது. ஒவ்வொரு வாரமும் அண்ணனிடமிருந்து புதுத் தகவல் வரும். எம் லென்ஸ் வாய்க்கு சிக்மா கம்பெனியின் 1.4 லென்ஸ்கள் 2019-லேயே கிடைத்தன, ராத்திரி வெளிச்சத்துக்கு அருமை, பழசுக்கு ஒரு வரவு. 2024-இல் சிக்மா ஆர் பக்கமும் வந்துவிட்டது, அந்த வரவை அடி. இப்படி அடித்தும் திருத்தியும் நோட்டு தீர்ந்து, இரண்டாம் நோட்டு போட்டார். அதற்குள் நத்தம் ஸ்டுடியோக்காரர் எம்50-ஐ யாருக்கோ விற்றுவிட்டார். ஆகவே அக்கா மகன் ஆர்50 வாங்கினான். செய்தியைச் சொன்னபோது அண்ணன் நிதானமாகத் தலையசைத்து, "நானும் அந்த முடிவுக்குத்தான் வந்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

அவனுடைய முதல் ஆர்டர் எங்கள் வீட்டுக் காதுகுத்துதான். நாகல் நகர்ப் பக்கம் ஒரு சின்ன மண்டபம். மேடைக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையில் இடம் கொஞ்சம்தான், அதிலும் பாதியைக் கை கழுவும் தொட்டி பிடித்துக்கொண்டது. தாய்மாமன் மடியில் பிள்ளை வீறிட்டு அழுதது, முண்டியது, காலால் ஆசாரியை உதைத்தது. கேமரா அதன் கண்ணை விடவே இல்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இமையில் நிற்கிற படம் ஒன்று விழுந்திருக்கிறது. அக்கா அதைப் பெரிதாகப் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். அண்ணனும் வந்திருந்தார். மொய் எழுதும் மேசையில் அவர்தான்; கூட்டலில் ஒரு பைசா பிசகாது.

கடைசியில் குரூப் போட்டோ. நாற்பத்துச் சொச்சம் பேர் மேடையில் ஏறினோம். அக்கா மகன் பின்னால் போனான், இன்னும் போனான், தொட்டியில் முதுகு இடித்து நின்றான். "நெருக்கி நில்லுங்க, நெருக்கி நில்லுங்க" என்று கத்தினான். மொய் நோட்டை மூடிவிட்டுக் கடைசியாக ஏறிய அண்ணனுக்கு இடது ஓரம்தான் கிடைத்தது.

பத்து நாள் கழித்துப் பிரிண்ட் வந்தது. எடுத்துக்கொண்டு மணிக்கூண்டுக்குப் போனேன். கொடுப்பதற்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். அரை மீசை, ஒரு கண், இரண்டு பேனாவில் ஒரு பேனா. அவ்வளவுதான் விழுந்திருந்தார். கோபித்துக்கொள்வார் என்று டீயைக் கையில் வைத்தபடி நின்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. நோட்டைத் திறந்து, பழசின் வரவில் ஒரு பழைய வரியை எனக்குக் காட்டி, பேனாவால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"பாத்தியா தம்பி? பதினஞ்சு எம்எம்மா இருந்தா நான் முழுசா விழுந்திருப்பேன்."