ஓயாக்கரையில படம் கீற வர்ற புள்ளைங்களுக்கு

தலவாக்கலையில, கொத்மலை ஓயாக் கரையில நீர்வர்ண வகுப்பு வைக்கப் போறாங்களாம். கொழும்பிலிருந்து கோச்சி ஏறி ஒரு கூட்டமே வருதாம். நல்லது. தலவாக்கலைக்குக் காடு வெட்ட வந்தவங்க உண்டு, கொழுந்து எடுக்க வந்தவங்க உண்டு, கரண்டு எடுக்க வந்தவங்க உண்டு, ஓட்டுக் கேட்டு வந்தவங்களுக்குக் கணக்கே இல்ல. சும்மா உக்காந்து பாக்குறதுக்குன்னே காசு கட்டி வர்றது நீங்கதான். அதனால, ஆயுசு முழுக்கக் கவ்வாத்துக் கத்தி புடிச்ச இந்தக் கிழவன் சொல்றதையும் கொஞ்சம் கேட்டுக்கிட்டுப் போங்க. எனக்குக் காசு வேணாம். ஒரு வாய் வெத்தலை போதும்.

மொதல்ல, எப்ப வர்றதுன்னு பாருங்க. நீர்வர்ணத்துல ஒரு பூச்சு காஞ்சாத்தான் அடுத்த பூச்சு ஏறும்; காயாம ஏத்தினா சேறுதான் மிஞ்சும். ஆடி மாசத்துல இந்த ஊர்ல லயத்துக் கொடியில போட்ட துணியே மூணு நாளைக்குச் சொட்டிக்கிட்டு இருக்கும். உங்க தாள் எங்க காயப் போகுது? தென்மேல் காத்து அடங்கி, தை மாசி வெயில் அடிக்கிறப்ப வாங்க. அதுலயும் வெள்ளன வாங்க. ஒன்பது மணிக்கு வகுப்புன்னு நோட்டீஸ்ல போடுறீங்க. அந்த நேரத்துக்கு எங்க பொம்பளைங்க மலையில ஒரு சுத்து முடிச்சிருப்பாங்க. காலையில பேர் குடுக்கப் பிரட்டுக்குப் போற நேரத்துல வெயில் சாய்வா விழும். வரிசைக்கு நடுவுல நிழல் நீளமா கிடக்கும். மலைக்கு மடிப்பு தெரியும். உச்சிக்கு ஏறிட்டா மடிப்பெல்லாம் போய் மலை தட்டையாயிடும். அதனால வந்து உக்காந்ததும் நிழலை மொதல்ல கீறி வைங்க. நிழல் உங்களுக்காக நிக்காது. செல்ஃபி எடுத்து முடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தா, இருந்த இடத்துல இருக்காது.

அடுத்தது, எங்க உக்காருறதுன்னு. ஓயாவுக்கு நடுவுல பெரிய பெரிய பாறை காஞ்சு கிடக்கும். பாத்ததும் ஆசை வரும், மூணுகால் பலகையைத் தூக்கிக்கிட்டு அதுமேல ஏறணும்னு. ஏறாதீங்க சாமி. அந்தப் பாறை சும்மா காயல. 2012இலிருந்து மேல் கொத்மலை அணை தண்ணியைப் புடிச்சு, ஏறக்குறைய 13 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள்ள விட்டு, நியங்கந்தொரவுல 150 மெகாவோட் கரண்டு எடுக்குது. மேல அக்கரப்பத்தனைப் பக்கம் மழை கொட்டினா, இங்க வெயில் அடிச்சாலும் வான்கதவைத் திறப்பாங்க. எச்சரிக்கைச் சத்தம் கேட்டதும், தூரிகையைக் கழுவிட்டு வர்றேன், இந்த மேகத்தை மட்டும் முடிச்சிட்டு வர்றேன்னு நிக்காதீங்க. கலைக்காக உயிரைக் குடுத்தான்னு பேப்பர்ல எழுதமாட்டாங்க. ஆத்துல இறங்கினவன் அடிச்சுக்கிட்டுப் போனான்னுதான் எழுதுவாங்க. மேட்டுல உக்காந்தா ஆறும் தெரியும், வீட்டுக்கும் போகலாம்.

சென்ட் கிளேயர் அருவியைப் போடாம போகமாட்டீங்கன்னு தெரியும். ஹட்டன் நுவரெலியா ரோட்டுலயிருந்தும் தெரியும், கோச்சி ஜன்னல்லயிருந்தும் தெரியும். 80 மீட்டர் உயரம். சின்ன நயாகரான்னு பேர் வெச்சுக் கும்பிட்டாங்க. அணைக்குக் கீழ இருக்கிறதால, அதுக்குப் போக வேண்டிய தண்ணியும் சுரங்கத்துக்குப் போயிடுது. ஊர் உலகமெல்லாம் சத்தம் போட்டதால, பகல்ல இவ்வளவுன்னு அளந்து விடுறதா ஏற்பாடு பண்ணினாங்க. ஆக, அருவிக்கும் இப்ப வேலை நேரம் உண்டு. பழைய போஸ்ட் கார்டைப் பாத்து மூணு மடங்கு தண்ணியை ஊத்திப் படம் போட்டுடாதீங்க. இருக்கிறதைப் போடுங்க. மிச்சத் தண்ணி உங்க வீட்டு பல்ப்புல எரியுது.

பச்சைக்கு வருவோம். டப்பாவுல இருக்கிற பச்சையை அப்படியே எடுத்து அப்பினா மலை பிளாஸ்டிக்காயிடும். நீலத்தையும் மஞ்சளையும் கலந்து நீங்களே பச்சையை உண்டாக்கணும்னு உங்க மாஸ்டர் சொல்லுவார். எத்தனை பச்சைன்னு அவர் சொல்லமாட்டார்; அது எங்க பாடம். பழைய விதைத் தேயிலை மலையைப் பாருங்க. ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதையில வந்தது. பக்கத்துப் பக்கத்துச் செடிகூட ஒரே நிறத்துல நிக்காது. ஒண்ணு கருத்திருக்கும், ஒண்ணு வெளுத்திருக்கும், ஒண்ணு செம்பு ஓடியிருக்கும். வி.பி. தேயிலை வேற. நல்ல தாய்ச்செடியோட கொப்பை வெட்டி நாத்துப் போட்டது; மலை முழுக்க ஒரே பச்சை. இந்த ஆராய்ச்சியெல்லாம் செய்யிற தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல தொடங்கினது, இங்க சென்ட் கூம்ஸ் தோட்டத்துலதான் இருக்கு. கொழுந்து எடுக்கத் தயாரா இருக்கிற மலை மேலாப்புல இளமஞ்சளாத் தெரியும். எடுத்து முடிச்சா அன்னிக்கு அந்திக்கே கருத்துடும். கவ்வாத்து வெட்டின மலையில பச்சையே இருக்காது, குச்சியும் சாம்பல் நிறமும்தான். இதுல உங்களுக்கு ஒரு வசதி உண்டு. உங்க படத்தைப் பாத்து, என்னப்பா இந்தக் கலர்ல மலை இருக்குமான்னு எவனாவது கேட்டா, அன்னிக்குக் கொழுந்து எடுத்திருந்தாங்கன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்.

இயற்கை எவ்வளவு அழகா மட்டமா இருக்குன்னு நீங்க வாயைப் பொளந்து நிப்பீங்க. புள்ளைங்களா, தேயிலை செடியில்ல, மரம். அஞ்சாறு வருசம் கத்தி படாம விட்டுப் பாருங்க, இடுப்பளவுல இருக்கிறது உங்க தலைக்கு மேல போயிடும். நீங்க கீறுற அந்த மட்டம் என் கத்தி. குறுக்கால போற கோடெல்லாம் கான் வெட்டினவன் மம்பட்டி. இந்த மலையெல்லாம் காடா இருந்தது, கோப்பியாச்சு, 1869இல இலையில துரு நோய் விழுந்து கோப்பி செத்துச்சு, பிறகு தேயிலை ஆச்சு. ஜேம்ஸ் டெய்லர் தொரை 1867இல லூல்கந்துரையில 19 ஏக்கர்ல வெச்சாருன்னு புத்தகத்துல இருக்கு. தொரை 19 ஏக்கருக்கும் தனியா குழி வெட்டினாருன்னு நினைச்சுக்காதீங்க.

சித்திர மாஸ்டர் வர்றதும் இந்த நாட்டுக்குப் புதுசில்ல. ஆண்ட்ரூ நிக்கல்னு பெல்பாஸ்ட்காரர் ஒருத்தர் 1846இல கொழும்பு அக்கடமிக்கு, அதான் இப்போதைய றோயல் கொலிஜுக்கு, சித்திரம் படிப்பிக்க வந்தார். 1848இல அஞ்சு வாரம் காட்டு வழியா சுத்திப் படம் போட்டார். 1852இல அதைப் பத்தி எழுதியும் வெச்சார். அதே காலத்துலதான் எங்க பூட்டன்மாரும் இந்தியாவிலிருந்து வந்து மன்னார்ல இறங்கி, மாத்தளைக்குக் காட்டு வழியா நடந்தாங்க. காய்ச்சல்ல விழுந்தவன் அங்கயே கிடந்தான். மிச்சப் பேர் கோப்பித் தோட்டத்துக்கு வந்து சேந்தாங்க. அவங்க நடைக்குச் சித்திரச் சுற்றுலான்னு யாரும் பேர் வைக்கல.

நீர்வர்ணத்துல வெள்ளையைப் பூசுறதில்ல, தாளை வெறுமனே விட்டுட்டா அதுதான் வெள்ளைன்னு பேத்தி சொன்னா. எனக்கு உடனே விளங்கிடுச்சு. எங்களைத்தான் ரொம்பக் காலம் அப்படி விட்டிருந்தாங்களே! 1948இல பிரஜாவுரிமைச் சட்டம் போட்டு, நாட்டுப் படத்துல எங்க இடத்தை வெறுந்தாளா விட்டாங்க. 1964இல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உக்காந்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்குன்னு கோடு போட்டாங்க. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பாத்துக்கலாம்னு ஓரமா வெச்சாங்க. கடைசியா 2003இலதான் எஞ்சின பேருக்கும் சட்டம் போட்டு நிறம் குடுத்தாங்க. அதனால எதை விடுறீங்கன்னு பாத்து விடுங்க. ஆளைக் கீற எனக்கு வராது, விட்டுட்டேன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். இயற்கைக் காட்சிக்கு ஆள் எதுக்குன்னு கேட்டா மட்டும் என் வாய் சும்மா இருக்காது.

கொழுந்து எடுக்கிற பொம்பளையைப் போடுறதுன்னா, தயவுசெய்து சிரிக்க வைக்காதீங்க. அந்தச் சிரிப்பு தேயிலைப் பெட்டி மேல இருக்கிறது. 18 கிலோ எடுக்கணும், எடுக்கலேன்னா அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். அதுல யாருக்குச் சிரிப்பு வரும்? கயிறு தலையில மாட்டியிருக்கும், பாரம் முதுகுல தொங்கும், அதனால கழுத்து முன்னுக்குச் சாயும். அந்தச் சாய்வு வந்தா படம் வந்த மாதிரி. இடுப்புல படங்குச் சாக்கு கட்டியிருப்பா. சீத்தைச் சேலையை மட்டும் போட்டுட்டு அதை விட்டுடாதீங்க. கூடையும் இப்ப பல மலையில நைலோன் பையா மாறிடுச்சு. கூடைதான் லட்சணம்னு அவளைக் கூடை மாட்டச் சொல்லாதீங்க, அவ உங்களை மாட்டச் சொல்லுவா. முக்கியமா, நீங்க கீறுற தாள் என்ன விலைன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. அது எத்தனை நாள் சம்பளம்னு விரல் மடக்கிக் கணக்குப் போட்டுட்டு, ஒரு பார்வை பாப்பா பாருங்க, அதை எந்த வர்ணத்துலயும் கொண்டுவர முடியாது.

மத்ததெல்லாம் சின்னச் சங்கதி. புல்லுல உக்காந்தா அட்டை ஏறும். கால்ல சவர்க்காரத்தைத் தேச்சுக்கங்க. ஏறிட்டா கத்தாதீங்க, சிவப்பு வர்ணம் சும்மா கிடைச்சுதுன்னு வெச்சுக்கங்க. தூரிகை கழுவுற தண்ணியையும் சாயத்தண்ணியையும் பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க. எது எதுக்குள்ள போகும்னு சொல்ல முடியாது. தேயிலைச் சாயம் தாள்ல நல்லா புடிக்கும், ஒரு தடவை பூசிப் பாருங்க. ஆனா எங்க தோட்டத்துல நல்ல தூள் ஏலத்துக்குப் போயிடும், எங்களுக்குக் கிடைக்கிற தூள்ல சாயம் கொஞ்சம் கம்மிதான்.

படத்தை முடிச்சதும் கீழ 'தேயிலைத் தோட்டத்து மங்கை'ன்னு எழுதிட்டுக் கோச்சி ஏறிடாதீங்க. மலைக்கு மேல ஒரு நடை போய், அவ பேரைக் கேட்டு எழுதுங்க. வெக்கப்படுவா, ஆனா சொல்லுவா. உங்க பேரை மட்டும் மூலையில நீட்டிப் போட்டுட்டு, காலையிலிருந்து அங்க நின்ன அவளுக்கு அரைப்பேர் போட்டுடாதீங்க, முழுப்பேராப் போடுங்க.